பத்து வருஷம் இங்கேயே படிச்ச பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை?

ஏப்ரல் மாசம் வந்துட்டா அமெரிக்காவுல இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல பேச்சே இதுதான். எந்த காலேஜ்ல இடம் கிடைச்சுது, வருஷத்துக்கு எவ்வளவு ஆகும். முதல் கேள்விக்குப் பிள்ளையோட மார்க்கும் உழைப்பும் பதில் சொல்லிடும். ரெண்டாவது கேள்விக்குப் பதில், அரசுப் பல்கலைக்கழகம் அந்தப் பிள்ளையை உள்ளூர் ஆளா எழுதிக்குதா, வெளியூர் ஆளா எழுதிக்குதாங்கிறதுல இருக்கு. இதுல எவ்வளவு பணம் அடங்கியிருக்குன்னு பார்க்க கலிஃபோர்னியாவையே எடுத்துக்குவோம். 2025ல யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுல (யூசின்னு சொல்வாங்களே, அதான்) புதுசா இளநிலைக்குச் சேர்ந்த வெளிமாநிலப் பிள்ளைங்க, எல்லாரும் கட்டுற கட்டணத்துக்கு மேல வருஷத்துக்கு 37,602 டாலர் தனியாக் கட்டணும். நாலு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர். அதே வகுப்பு, அதே பேராசிரியர், அதே பரீட்சை. இடம் கிடைக்கிறதுலயும் இந்த முத்திரை வேலை செய்யுது. நார்த் கரோலினாவுல சேப்பல் ஹில்ல புதுசாச் சேர்ற இளநிலைப் பிள்ளைங்கள்ல வெளிமாநிலத்துக்காரங்க 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டெக்சஸ் அரசு மருத்துவக் கல்லூரிகள்ல 90 சதவீத இடம் டெக்சஸ்காரங்களுக்குத்தான். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தோட மருத்துவக் கல்லூரியில வெளிமாநிலத்துக்காரங்களுக்கு இடமே கிடையாது.

ஒரு மாநிலம் தன் பிள்ளைங்களுக்குச் சலுகை குடுக்கறதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. மாநிலத்தோட காசுல நடக்கிற பள்ளிக்கூடம், மாநிலத்துப் பிள்ளைக்கு முதல் இடம். நியாயம்தான். ஆனா 'யாரு நம்ம பிள்ளை'ன்னு கண்டுபிடிக்க இந்த மாநிலங்கள் வச்சிருக்கிற வழி சரியில்லைன்னு உறுதியா நம்பறேன். பிள்ளை எங்க வளர்ந்துச்சு, எங்க படிச்சுதுன்னு பார்க்கிறதை விட்டுட்டு, அது மனசுல என்ன நினைக்குது, அதுக்கு என்ன பேப்பர் வச்சிருக்குன்னு பார்க்கறாங்க. இதைத் திருப்பிப் போடணும். ஒரு மாநிலத்துல குறைஞ்சது மூணு வருஷம் உயர்நிலைப் பள்ளியில படிச்சு, அங்கேயே பள்ளிப்படிப்பை முடிச்சிருந்தா, அந்தப் பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணம். வேற கேள்வி வேண்டாம். இதுதான் நான் சொல்ல வர்றது. ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பொறுமையாப் படிங்க.

இப்ப இருக்கிற விதிக்கு ரெண்டு கால். ஆள் அந்த மாநிலத்துல இருக்கணும், பொதுவா ஒரு வருஷமாவது. அங்கேயே நிலையா இருக்கப் போறோம்ங்கிற எண்ணமும் இருக்கணும். டெக்சஸ்ல செமஸ்டர் தொடங்கி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கிற தேதிக்கு முன்னாடி 12 மாசம். கலிஃபோர்னியாவுல ரெசிடென்சியை (உள்ளூர்த் தகுதியை) நிர்ணயிக்கிற தேதிக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கு மேல ஒரு நாள், அதாவது 366 நாள். முதல் காலைக் காலண்டரை வச்சு அளந்துடலாம். ரெண்டாவது காலை எதை வச்சு அளக்கறது? அதுக்குத்தான் நீளமான படிவம். இந்த ஊருக்கு எந்தத் தேதியில வந்தே, கோடை லீவுல எங்க இருந்தே, ட்ரைவிங் லைசென்ஸ் எந்த மாநிலம், கார் எங்க பதிவாகியிருக்கு, ஓட்டு எங்க இருக்கு, வரி எங்க தாக்கல் பண்ணினே, உன்னைத் தங்களைச் சார்ந்தவர்னு வரியில காட்டினது யாரு, அவங்க எந்த மாநிலம், என்ன விசா. பதினேழு வயசுப் பிள்ளைக்குத் தன் மனசுல நாளைக்கு என்ன இருக்கும்னே தெரியாது. 'நான் ஒஹையோவுலயே நிரந்தரமா இருக்கப் போறேன்'னு அது எப்படி நிரூபிக்கும்? அதனால எண்ணத்துக்குப் பதிலா அதிகாரி பேப்பரை எண்ண ஆரம்பிக்கிறார். பேப்பர் யாருகிட்ட ஒழுங்கா இருக்கும்? ஆடிட்டர் வச்சிருக்கிறவங்க கிட்ட. ஊர் மாறினதும் லைசென்ஸ் மாத்தணும், இன்ன தேதிக்குள்ள பண்ணணும்னு எடுத்துச் சொல்ல ஆள் இருக்கிற குடும்பத்துக்கிட்ட. ஃபீஸ் வாங்கிக்கிட்டு ரெசிடென்சி எடுத்துக் குடுக்கறோம்னே தொழில் நடத்துறவங்க இருக்காங்க. வாடகை வீடு மாறி மாறிக் குடியிருக்கிற, அப்பா ஒரு மாநிலம் அம்மா ஒரு மாநிலம்னு பிரிஞ்சிருக்கிற வீட்டுப் பிள்ளைங்கதான் இந்தப் படிவத்துல தடுக்கி விழுது.

இந்தச் சிக்கல் புதுசு இல்லை. 1971ல கனெக்டிகட் மாநிலம் ஒரு சட்டம் போட்டுச்சு. கல்யாணம் ஆன மாணவர்னா, விண்ணப்பிக்கிற நேரத்துல முகவரி வெளிமாநிலமா இருந்தா அவங்க வெளிமாநிலம்தான், படிச்சு முடிக்கிற வரைக்கும் மாறவே மாறாது. மார்கரெட் க்ளைன்னு ஒரு மாணவி அந்த மே மாசம் கலிஃபோர்னியாவுல இருந்தே கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிச்சிருந்தாங்க. ஜூன்ல கனெக்டிகட்காரர் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கேயே குடி வந்துட்டாங்க. லைசென்ஸ் கனெக்டிகட், கார் பதிவு கனெக்டிகட், ஓட்டும் கனெக்டிகட். இருந்தும் விண்ணப்பம் போட்ட அந்த மாசத்து முகவரியை வச்சு, நீங்க வெளிமாநிலம்னுட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1973ல அவங்களுக்குச் சாதகமாத் தீர்ப்பாச்சு. தான் உள்ளூர்தான்னு நிரூபிக்க ஒரு வாய்ப்பே குடுக்காம அடைச்சு வைக்கக் கூடாதுன்னு நீதிமன்றம் சொல்லிச்சு. நல்ல தீர்ப்பு. ஆனா வெளிமாநிலத்துக்காரங்ககிட்ட அதிகக் கட்டணம் வாங்கலாம்ங்கிறதை அது தொடவே இல்லை. ஒரு வருஷம் காத்திருக்க வைக்கிற மின்னசோட்டா விதியை அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நீதிமன்றம் சரின்னு விட்டிருந்தது. விளைவு என்னன்னா, கதவு திறந்துச்சு, கதவுக்குப் பின்னாடி படிவம் நீண்டுச்சு. நிரூபிக்க வாய்ப்பு குடுன்னாங்க, இந்தா நிரூபின்னு அத்தனை பேப்பரையும் கேட்க ஆரம்பிச்சாங்க.

இப்ப இதே கேள்வியை வேற ஒரு அரசு அலுவலகத்துல கேட்டா என்ன பதில் வருதுன்னு பாருங்க. டெக்சஸ்ல வாலர் கவுண்டின்னு ஒரு இடம், அங்க ப்ரெய்ரி வியூங்கிற கருப்பின மாணவர்கள் படிக்கிற பழைய அரசுக் கல்லூரி. 1971ல அரசியல் சட்டத்தோட 26வது திருத்தம் ஓட்டு வயசை 18 ஆக்கினதும் அந்தப் பிள்ளைங்க பேரைப் பதியப் போனாங்க. அங்க இருந்த பதிவு அதிகாரி கையில ஒரு கேள்வித்தாளைக் குடுத்தார். இந்தக் கவுண்டியில எவ்வளவு நாளா இருக்கே, தொடர்ந்து இங்கேயே இருக்கிற எண்ணமா, படிப்பு முடிஞ்சு என்ன பண்ணப் போறே, இங்க உனக்கு வேலை இருக்கா, வீடு நிலம் இருக்கா. மேல நான் சொன்ன ரெசிடென்சி படிவத்தோட இதை ஒத்துப் பாருங்க. ரெண்டும் ஒரே குணம். மாணவர்னாலே உள்ளூர் இல்லைன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, பாரத்தை அந்தப் பிள்ளை தலையில வைக்கிற குணம். நீதிமன்றம் இதை ஒத்துக்கலை. 1979ல உச்ச நீதிமன்றமும் கீழ்க் கோர்ட் தீர்ப்பை உறுதி பண்ணிச்சு. அங்க தங்கிப் படிக்கிறவங்களுக்கு அங்க ஓட்டு உண்டு, மத்தவங்ககிட்ட கேட்காத கேள்வியை மாணவர்கிட்ட மட்டும் கேட்டுத் தடுக்க முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். 1950ல இருந்தே காலேஜ் பிள்ளைங்களை அப்பா அம்மா வீட்டுல எண்றதில்லை, தங்கிப் படிக்கிற ஊர்லதான் எண்றாங்க. அந்தத் தலைக்கணக்கை வச்சுத்தான் மாநிலத்துக்கு நாடாளுமன்ற இடமும் மத்திய அரசுப் பணமும் பங்கு பிரியுது. பகுதிநேர வேலை பார்த்தா, வருமான வரி இருக்கிற மாநிலத்துல அந்தச் சம்பளத்துக்கு வரி. கடையில வாங்குற ஒவ்வொரு பொருளுக்கும் விற்பனை வரி. ஆக எண்ணும்போது உள்ளூர், ஓட்டுப் போடும்போது உள்ளூர், வரி வாங்கும்போது உள்ளூர். கட்டணம் கட்டப் போனா மட்டும் வெளியூர்.

ஓட்டு அடிப்படை உரிமை, கட்டணச் சலுகை அப்படி இல்லையேன்னு கேட்பீங்க. சட்டப்படி அந்த வித்தியாசம் உண்மைதான், நான் மறுக்கலை. சலுகையை யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ண மாநிலத்துக்கு நிறைய சுதந்திரம் உண்டு. 1999ல வேற ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமே, காலேஜ் படிப்பு மாதிரி எடுத்துக்கிட்டுப் போகக்கூடிய பலன்களுக்கு மாநிலம் கொஞ்சம் கறாரா இருக்கலாம்ங்கிற மாதிரி பேசியிருக்கு. படிச்சு முடிச்சுட்டுப் பட்டத்தோட ஊரை விட்டுப் போயிடுவாங்களேங்கிற கவலை அது. சரி, கறாரா இருக்கட்டும். ஆனா கறாருக்கும் ஒரு அளவுகோல் வேணும், அது யாரு அளந்தாலும் ஒரே விடை குடுக்கணும். மனசுல இருக்கிற எண்ணத்தை அளக்கிற கோல் அப்படிக் குடுக்காது. ஒரே மாதிரி ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு அதிகாரிகிட்டப் போனா ரெண்டு விடை வரும்.

இந்த முறையால ரொம்ப அடிபடுறது யாருன்னா, ஹெச்-4 விசாவுல வளர்ற பிள்ளைங்க. ஃப்ரீமான்ட், ஃப்ரிஸ்கோ, கேரி, எடிசன்னு நம்மாட்கள் நிறைய இருக்கிற எந்த ஊரை எடுத்தாலும் இப்படிப் பிள்ளைங்க உண்டு. மூணு வயசுல வந்து, கிண்டர்கார்டன்ல இருந்து அதே ஊர்ப் பள்ளியில படிச்சு, அதே ஊர்ப் பேச்சு பேசி, பள்ளி பேண்டுல ட்ரம்பெட் வாசிச்ச பிள்ளை. அப்பாவோ அம்மாவோ ஹெச்-1பியில வேலை பார்க்கிறாங்க, கிரீன் கார்டு வரிசையில நிக்கிறாங்க. வேலை வழியா வர்ற கிரீன் கார்டுல எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாதுங்கிறதால இந்தியர்களுக்கு அந்த வரிசை பிள்ளையோட பள்ளிப்பருவத்தை விட நீளம். ஹெச்-1பி குடும்பத்தை உள்ளூர்னு ஏத்துக்க பெரும்பாலான மாநிலங்கள் தயார். அதனால காலேஜ்ல சேரும்போது பிரச்சனை இருக்காது. பிரச்சனை 21வது பிறந்தநாள்ல வருது, பெரும்பாலும் காலேஜ் பாதியில. அந்த நாளோட ஹெச்-4 முடிஞ்சுடும். படிப்பைத் தொடர எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறணும். எஃப்-1ல இருக்கிறவங்க 'திரும்பிப் போற எண்ணத்தோட வந்தவங்க'ன்னு சட்டம் எடுத்துக்குது. அதனால அவங்க ரெசிடென்ட் ஆக முடியாதுங்கிறது கலிஃபோர்னியா உட்படப் பெரும்பாலான மாநிலங்களோட நிலை. பிள்ளை தூங்குற கட்டில் மாறலை, பேசுற பாஷை மாறலை, அப்பா கட்டுற வரி மாறலை. பேப்பர்ல ஒரு எழுத்து மாறிச்சு, எண்ணம் மாறிடுச்சுன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. இப்படி 21ஐத் தொட்டாத் தத்தளிக்கக்கூடிய, சட்டப்படி வந்து வளர்ந்த பிள்ளைங்க நாடு முழுக்க ரெண்டு லட்சத்துக்கும் மேலன்னு மதிப்பிடுறாங்க.

இதுல இன்னொரு முடிச்சு இருக்கு, நிதானமாப் பார்க்கணும். கலிஃபோர்னியாவுல 2001ல ஏபி 540ன்னு ஒரு சட்டம் வந்தது. அங்க மூணு வருஷம் உயர்நிலைப் பள்ளியில படிச்சு முடிச்சவங்களுக்கு வெளிமாநிலக் கட்டணம் கிடையாது, குடியேற்ற ஆவணம் இல்லாட்டியும் பரவாயில்லை. ஆனா தற்காலிக விசாவுல இருக்கிறவங்களை, ஒண்ணு ரெண்டு விசா வகை தவிர, அந்தச் சட்டம் விலக்கி வச்சிருக்கு. அதனால பேப்பரே இல்லாத பிள்ளைக்குக் கிடைக்கிற விலக்கு, எஃப்-1க்கு மாறின நம்ம பிள்ளைக்குக் கிடைக்காது. இதைக் கேட்டதும் நம்மாட்கள்ல சிலர் 'அவங்களுக்கு மட்டும் ஏன்'னு கோபப்படறதைப் பார்க்கிறேன். அந்தக் கோபம் தப்பான பக்கம் திரும்புது. அந்தப் பிள்ளையும் அதே பெஞ்சுல உட்கார்ந்து படிச்ச பிள்ளைதான். அதுகிட்ட இருந்து பறிச்சா நம்ம பிள்ளைக்கு ஒரு டாலர்கூடக் குறையாது. டெக்சஸ்ல அதுதான் நடந்துச்சு. 2001லயே, நாட்டுக்கே முதலா, ரிக் பெர்ரி கவர்னரா இருந்தப்போ அங்க இதே மாதிரி கையெழுத்தான சட்டம். 2025 ஜூன் 4ம் தேதி மத்திய அரசு வழக்குப் போட்டுச்சு, மாநிலம் எதிர்த்து வாதாடவே இல்லை, ஒத்துக்கிச்சு, அன்னைக்கே சட்டத்துக்குத் தடை. இருபத்து நாலு வருஷச் சட்டம் ஒரே நாள்ல போச்சு. அங்கேயே பள்ளி முடிச்ச பிள்ளைங்களுக்கு அடுத்த செமஸ்டர் பில் எகிறினதுதான் மிச்சம். ஏபி 540ல பண்ண வேண்டியது, விசாக்காரங்களை விலக்கி வைக்கிற அந்தப் பட்டியலை எடுக்கிறது மட்டும்தான். படிச்ச பிள்ளை எல்லாருக்கும் ஒரே விதின்னு ஆக்கிட்டாப் போதும்.

அந்த ஏபி 540க்குள்ள ஒளிஞ்சிருக்கிற யோசனைதான் என் வாதத்துக்கு முதுகெலும்பு. 1996ல மத்திய அரசு ஒரு சட்டம் போட்டிருந்தது: ஆவணம் இல்லாதவங்களுக்கு, மாநிலத்துல வசிக்கிறதைக் காரணமா வச்சு உயர்கல்விச் சலுகை குடுத்தா, அதை எந்த மாநிலத்து அமெரிக்கக் குடிமகனுக்கும் குடுக்கணும். கலிஃபோர்னியா என்ன பண்ணிச்சு? வசிக்கிறதைக் காரணமா வைக்காம, படிச்சதைக் காரணமா வச்சது. 2010ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இதைப் பரிசீலிச்சு, வசிப்பு வேற, பள்ளியில படிச்சது வேற, இந்தச் சட்டம் செல்லும்னு தீர்ப்புச் சொன்னது. இதனால பயனடைஞ்சவங்கள்ல கணிசமானவங்க அமெரிக்கக் குடியுரிமை உள்ளவங்கதான். கலிஃபோர்னியாவுல பள்ளி முடிச்ச பிறகு குடும்பம் நெவாடாவுக்கு மாறிடுச்சுன்னு வச்சுக்குங்க. அந்தக் குடிமகப் பிள்ளையும் திரும்பி வந்து இதே சட்டத்துல உள்ளூர்க் கட்டணத்துல படிக்கலாம். கால் நூற்றாண்டா நடைமுறையில இருக்கு, அதனால யூசி ஒண்ணும் முழுகிப் போயிடலை. எனக்கு இதுல பிடிச்ச விஷயம், சான்று எவ்வளவு எளிசுங்கிறது. முக்கியச் சான்று பள்ளியோட ட்ரான்ஸ்கிரிப்ட்தான். எந்த வருஷம் எந்தப் பள்ளி, என்ன வகுப்பு, எல்லாம் அதுலயே இருக்கு. கார் யாரு பேர்ல இருந்தா என்ன, கோடையில பாட்டி வீட்டுக்கு மதுரைக்குப் போனா என்ன.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்த யோசனை புதுசாவே தோணாது பாருங்க. தமிழ்நாட்டுல எம்பிபிஎஸ் விண்ணப்பத்துல, ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் தமிழ்நாட்டுலயே படிச்ச பிள்ளைகிட்ட நேட்டிவிட்டி சர்டிஃபிகேட் கேட்கறதில்லை. படிச்சதே சான்று. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்காக 2020ல வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் அதே அளவுகோல்தான், ஆறுல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. வெளியில படிச்சவங்கதான் தாசில்தார் ஆபீசுக்கு அலையணும். இந்தியாவுலயும் வசிப்பிடத்தை வச்சு இடம் ஒதுக்கறதுல நீதிமன்றத்துக்குச் சங்கடம் உண்டு. 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம், முதுநிலை மருத்துவப் படிப்புல வசிப்பிட ஒதுக்கீடு செல்லாதுன்னு சொன்னது, இந்தியாவுல மாநிலத்துக்கு மாநிலம் தனி டொமிசைல் (சட்டப்படியான நிரந்தர வசிப்பிடம்) கிடையாதுங்கிறதையும் சேர்த்தே சொன்னது. அமெரிக்கச் சட்டம் வேற, அங்க மாநில டொமிசைல் உண்டு. ஆனா படிச்ச வருஷங்களை எண்றது நடைமுறைக்கு ஒத்து வருமான்னு யாராவது கேட்டா, வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான விண்ணப்பத்தை இப்படித்தான் சென்னையில சலிச்சு எடுக்கறாங்கன்னு காட்டலாம்.

இனி எதிர்வாதங்கள். முதல் எதிர்வாதம் எல்லாரும் சொல்றது: அப்பா அம்மா வரி கட்டித்தான் பல்கலைக்கழகம் நடக்குது, அதனால அவங்க எங்க இருக்காங்களோ அதுதான் பிள்ளையோட மாநிலம். கேட்க நியாயமா இருக்கு. ஆனா எந்த மாநிலமும் யாரு எவ்வளவு வரி கட்டினாங்கன்னு கூட்டிப் பார்த்துச் சலுகை குடுக்கறதில்லை. போன வருஷம் குடி வந்து 12 மாசம் முடிச்ச குடும்பத்துக்கு முழுச் சலுகை. இருபது வருஷம் ஒரே மாநிலத்துல வரி கட்டிட்டு, பிள்ளை பிளஸ் டூ முடிச்ச கோடையில வேலை மாறிப் பக்கத்து மாநிலம் போன குடும்பத்தோட பிள்ளை? பழைய மாநிலத்துல அப்பா அம்மா இல்லை, புது மாநிலத்துல ஒரு வருஷம் ஆகலை. பல இடங்கள்ல ரெண்டு பக்கமும் கை விரிச்சுடுவாங்க. வரிதான் காரணம்னா இந்த விடை வரவே கூடாது. பள்ளி வருஷங்களை எண்ணினா, குடும்பம் அங்க குடியிருந்து, வாடகையிலயோ வீட்டு வரியிலயோ அந்த ஊர்ப் பள்ளிக்குப் பணம் கட்டின காலமும் தானாவே கணக்குல வந்துடும்.

பணக்காரங்க இதையும் வளைச்சுடுவாங்களே, பிள்ளையை அந்த மாநிலத்துல போர்டிங் ஸ்கூல்ல போட்டுட மாட்டாங்களான்னு கேட்கலாம். ஒரு சிலர் போடலாம். ஆனா மூணு வருஷம் ஒரு பிள்ளையை வேற மாநிலத்துல படிக்க வைக்கிறதுக்கு ஆகிற செலவும் மனக்கஷ்டமும், ஒரு வாடகை ஒப்பந்தமும் ஒரு லைசென்சும் வாங்கறதை விடப் பல மடங்கு. இப்ப இருக்கிற விதியை வளைக்கிறதுதான் சுலபம். அதுவும் போக, அப்படி மூணு வருஷம் வந்து படிச்ச பிள்ளை நிஜமாவே அந்த ஊர்ப் பிள்ளையா ஆகியிருக்கும்.

பதினொண்ணாவது படிக்கும்போது குடி வந்த பிள்ளைங்க கதி என்னங்கிறது நல்ல கேள்வி. என் விதியை மட்டும் வச்சா அதுங்க விட்டுப் போகும். அதனால இது இன்னொரு வாசலா இருக்கணும், பழைய வாசலை மூடச் சொல்லலை. பெற்றோர் அங்க ஒரு வருஷம் வேலை பார்த்திருந்தா, அதுவும் போதும். அங்கேயும் எண்ணத்தைக் கேட்காம, நடந்ததை மட்டும் கேட்கலாம். முடியாதா? ஏற்கெனவே முடிஞ்சிருக்கு. 2008ல போட்ட மத்திய சட்டப்படி, ராணுவத்துல இருக்கிறவங்க எந்த மாநிலத்துல பணியில இருக்காங்களோ அங்க அவங்களுக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும் உள்ளூர்க் கட்டணம்தான். நிரந்தரமா இருப்பியான்னு கேட்கறதில்லை. அவங்க இருக்க மாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். மிசௌரியில, வெளியில இருந்து படிக்க வந்த மாணவரே ஒரு வருஷம் தங்கி, அங்கேயே வேலை பார்த்து 2,000 டாலர் சம்பாதிச்சுக் காட்டினா உள்ளூரா மாறலாம்னு வழி வச்சிருந்தாங்க. இதெல்லாம் எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயங்கள்.

எல்லாத்தையும் விடக் கனமான எதிர்வாதம் பட்ஜெட். 2008 நெருக்கடிக்குப் பிறகு மாநிலங்கள் பல்கலைக்கழகங்களுக்குக் குடுக்கிற பணத்தை வெட்டினப்போ, அந்த ஓட்டையை வெளிமாநிலக் கட்டணம்தான் அடைச்சுது. அதுல கை வைக்காதீங்கன்னு நிர்வாகிகள் சொல்றாங்க. இதை நான் லேசா எடுத்துக்கலை, அந்தப் பணத்துல உள்ளூர் ஏழைப் பிள்ளைக்கும் உதவித்தொகை போகுது. ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. கல்வி ஆய்வாளர் ஓசன் ஜாக்கெட்டும் அவரோட சக ஆய்வாளர்களும் 2016ல வெளியிட்ட ஆய்வுல, அரசு ஆய்வுப் பல்கலைக்கழகங்கள்ல வெளிமாநில மாணவர் விகிதம் கூடக் கூட, ஏழைக் குடும்பத்து மாணவர் விகிதம் குறையறதோட அது சேர்ந்தே வருதுன்னு காட்டியிருக்காங்க. ஆக அந்தப் பணமும் சும்மா வர்றதில்லை. அதுவும் இல்லாம, நான் சொல்ற விதி அந்த வருமானத்தோட பெரிய பகுதியைத் தொடவே தொடாது. நியூயார்க்ல பள்ளி முடிச்சுட்டு பெர்க்லிக்கு வர்ற பிள்ளை அப்பவும் வெளிமாநிலக் கட்டணம்தான் கட்டும். மாறப் போறது, அந்த மாநிலத்துலயே படிச்சும் பேப்பர்ல சிக்கினவங்க மட்டும். பட்ஜெட்டை அந்தப் பிள்ளைங்க முதுகுல தூக்கி நிறுத்தணும்னு எந்தச் சட்டசபையும் வெளிப்படையாச் சொல்லாது.

'விசாவுல இருக்கிற பிள்ளைங்க எப்படியும் போயிடுவாங்க'ங்கிறது கடைசி. 1982லயே மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிரா இந்த வாதம் தோத்துச்சு. உலக வங்கி மாதிரி சர்வதேச அமைப்புகள்ல வேலை பார்த்தவங்க ஜி-4 விசாவுல இருந்தாங்க. அவங்க பிள்ளைங்க மேரிலாண்ட்ல வளர்ந்தவங்க. நாட்டுக்குள்ள நிலையாத் தங்க மத்திய சட்டமே அனுமதிக்கிறவங்களை, விசாவைக் காட்டி மாநிலம் வெளியில நிறுத்த முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. எஃப்-1க்கு அந்தத் தீர்ப்பு நேரடியா உதவாது, அந்த விசாவோட நிபந்தனை வேற. ஆனா 'போயிடுவாங்க'ங்கிற காரணத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் பாருங்க. மிச்சிகன்ல உள்ளூர்க் கட்டணத்துல படிச்சுட்டு மறு வாரமே சிகாகோவுக்கு வேலைக்குப் போற குடிமகப் பிள்ளைகிட்ட யாரும் சலுகையைத் திருப்பிக் கேட்கறதில்லை. போகக்கூடாதுன்னு எழுதி வாங்கறதும் இல்லை. ஹெச்-4ல வளர்ந்த பிள்ளையாவது, இங்கேயே இருக்க முடியாதான்னு ஏங்கிக்கிட்டு இருக்கிற பிள்ளை.

சட்டம் மாறுற வரைக்கும் படிவம்தான் நிஜம், அதனால வீட்டுல பண்ண வேண்டியதையும் சொல்லிடறேன். புதுசா மாநிலம் மாறினவங்க, குடிவந்த நாளைக் காட்டுற வாடகை ஒப்பந்தம், மின்சார பில், லைசென்ஸ், கார் பதிவு எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்திடுங்க; உங்க 12 மாசம் அந்தத் தேதியில இருந்துதான் ஓடும். பிள்ளையோட எல்லாப் பள்ளி ட்ரான்ஸ்கிரிப்டையும் எடுத்து வைங்க, நடுவுல மாறின பள்ளிகளோடதும் சேர்த்து. முதல் முடிவு 'வெளிமாநிலம்'னு வந்தா அதோட விட்டுடாதீங்க, மேல்முறையீடு உண்டு, அதுக்குக் கெடு உண்டு, கெடு சின்னது. ஹெச்-4 பிள்ளை இருக்கிற வீடுன்னா, 21 வயசு வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பல்கலைக்கழகத்தோட ரெசிடென்சி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்க: எஃப்-1க்கு மாறினா கட்டணம் மாறுமா, எந்த செமஸ்டர்ல இருந்து மாறும், படிச்ச வருஷங்களை வச்சு விலக்கு ஏதாவது இருக்கா. ஃபோன்ல சொல்ற பதில் போதாது, எழுத்துல வாங்கி வைங்க. உங்க மாநிலச் சட்டசபை உறுப்பினருக்கும் அதோட ஒரு நகலை அனுப்புங்க. ஏபி 540ல அந்த விலக்குப் பட்டியல் இருக்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது, சட்டம் எழுதுறவங்களையும் சேர்த்து.